மாரியும் மரியும்

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்புறத்தே வந்தடையும் சிற்றூர் ஒன்று உளது. அவ்வூரை அடி அண்ணாமலை என்பர். அவ்வூர்க் கோயில் இறைவனையோ ஆதி அண்ணாமலையார் என்பர். மலையடியில் அமைந்தமையின் அடி என வந்தது என்பார் ஒரு சாரார். நகரத்துப் பெருங்கோயிலுக்கும் முற்பட்டது ஆதலின் ஆதியே சரியென்பார் மற்றொரு சாரார். ஊராருக்கு இது ஒரு வழக்கே அன்று. இரண்டனையும் ஒரே மூச்சிற் சொல்லி, இரண்டிற்கும் திரும்பிப் பார்த்து, அமைதியாக வாழ்ந்து வருகின்றனர்.

எம் பாட்டியார் பிறந்தது அவ்வூரிலேதான். அவருக்கும் பெயர் இரண்டு. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஒரேயொரு காலெழுத்து. அக்கால் குறித்து எம் வீட்டில் எழுந்த சிறு வழக்கினையும், அதனைத் தீர்க்கப் புகுந்து யாம் கற்றவற்றையும், கற்றவை யாவும் உதவாதொழிந்த விதத்தினையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு பங்குனித் திங்களில் எம் பாட்டியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்து சில வாரங்கள் சென்றபின், கல்லறைக்குக் கல் நாட்ட எண்ணிய எம் தந்தையார் எம்மை அழைத்து, "தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கிறாய். கல்லில் பொறிக்க வேண்டியதை நீயே எழுது" என்றார். யாம் உள்ளூரப் பெருமையுற்று, ஓரிரவு முழுதும் விழித்திருந்து நான்கு வரிகள் எழுதினோம். முதல் வரியிற் பெயர்: மரியம்மாள். மறுநாள் அதனைக் கல்தச்சரிடம் கொண்டு சென்றோம். அவர் அடி அண்ணாமலைப் பக்கத்தவர். பாட்டியாரின் பிறந்த வீட்டை அறிந்தவர். தாளை நெடுநேரம் நோக்கியிருந்து, "மாரியம்மாள் அல்லவா? கால் விட்டுப்போயிற்றா? செதுக்கிவிட்டால் பிறகு சேர்க்க முடியாது; நன்றாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். யாம் விடை கூற இயலாது திரும்பினோம்.

அவர் கேட்டதில் தவறில்லை. பாட்டியார் பிறந்தது 1946 ஆம் ஆண்டில். அவ்வாண்டிலே அவர்தம் தமக்கை, ஐந்து வயதுச் சிறுமி, பெரியம்மை கண்டு பிழைப்பது அரிதென்று கிடந்தனராம். வேப்பிலைப் படுக்கையில் அக்குழந்தை கிடக்க, கருவுற்றிருந்த தாய் ஊர்ப்புறத்து வேம்பின் அடியில் நட்டிருந்த கல்லின் முன் நின்று, "இவளை விட்டுவிடு, வயிற்றில் இருப்பது பெண்ணானால் உன் பெயரே இடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டனராம். தமக்கை பிழைத்தார், வடுக்கள் மட்டும் முகத்தில் நிலைத்தன. பின்பு பிறந்த குழந்தை மாரியம்மாள் ஆயிற்று.

இருபது ஆண்டுகள் சென்றபின், மிஷன் பள்ளியிற் பயின்று ஆசிரியரான எம் பாட்டனார்க்கு அவரை மணம் பேசினர். திருமணத்திற்கு முன்னர் ஞானஸ்நானம் பெறுங்கால், பெயர் மாற்ற வேண்டுமோ என்று பாட்டியார் அஞ்சி நின்றனராம். அன்றிருந்த போதகர் நல்லவர். "ஒரு காலை மட்டும் எடுத்துவிடுவோம் அம்மா, பழகின பெயராகவே இருக்கும்" என்றனராம். சபைப் பதிவேட்டில் மரியம்மாள் என்று எழுதப்பட்டது. அதன்பின் குடும்ப அட்டையிலும், வாக்காளர் பட்டியலிலும், எம் தந்தையாரின் பள்ளிச் சான்றிதழிலும் அவர் மரியம்மாளே. அடி அண்ணாமலையில் மட்டும் மாரி.

இவ்விடத்தே யாம் ஒன்றனை ஒளியாது கூறல் வேண்டும். எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, பாட்டியாரின் தமக்கையார் (அவரைப் பெரியாயா என்றே அழைப்போம்) ஒரு ஞாயிற்றுக்கிழமை எம் வீட்டிற்கு வந்தார். அப்பொழுது ஞாயிறு பாடசாலைத் தோழர் சிலர் எம்முடன் திண்ணையில் இருந்தனர். பெரியாயா தெருவிலிருந்தே, "ஏ மாரி! மாரி!" என்று உரக்கக் கூவினார். தோழருள் ஒருவன் நகைத்தான். எமக்கு முகம் கன்றியது. யாம் எழுந்து நின்று, "எங்கள் ஆயாவின் பெயர் மாரி அல்ல, மரியம்மாள். இங்கே அப்படிக் கூப்பிட வேண்டாம்" என்று கூறிவிட்டோம். பெரியாயா ஒன்றும் மறுமொழி கூறவில்லை. கொண்டு வந்திருந்த வேர்க்கடலைப் பையை வாயிற்படியில் வைத்துவிட்டு உட்சென்றார். அன்று முதல் எம் வீட்டில் அவர் தம் தங்கையைப் பெயர் சொல்லி அழைத்ததை யாம் கேட்டதில்லை. "ஏ புள்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கல்தச்சர் கேட்ட வினா இச்செயலை எம் நினைவிற்குக் கொணர்ந்தது. ஆயினும் யாம் முதலிற் சென்றது பெரியாயாவிடம் அன்று, நூல்நிலையத்திற்கே. பெயரின் வேரைக் கண்டறிந்தால் கால் வேண்டுமோ வேண்டாவோ என்பது தானே விளங்கும் என்று கருதினோம்.

மாரி என்பது பழந்தமிழில் மழையைக் குறிக்கும் சொல். புறநானூற்றில் கபிலர் பாரியின் வண்மைக்கு இணையாக நிறுத்துவது மாரி ஒன்றனையே. மழைக்கும் கொப்புள நோய்க்கும் இயைபு என்னை எனின், சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை அதற்கு ஒருவாறு விடை தருகின்றது. கண்ணகியின் சினத்திற்குப் பின் பாண்டிநாடு மழை வறந்து, வறுமையும் வெப்பு நோயும் கொப்புளமும் தொடர வருந்தியது என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குப் பலியிட்டு விழாவெடுத்தபின் மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின என்றும் அது கூறும். பலியானோர் பொற்கொல்லர் ஆயிரவர் என்பதைப் படிக்கையில் நெஞ்சம் நடுங்குகின்றது. அஃது எவ்வாறாயினும், மழை மறுப்பவளும் நோய் தருபவளும், பின் மனமிரங்கி இரண்டையும் மாற்றுபவளும் ஒரு பெண் தெய்வமே என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் மிகப் பழையது என்பது தெளிவு.

வடமொழி வல்லார் கூறுவது வேறு. அம்மொழியில் மாரீ என்பது கொள்ளை நோயைக் குறிக்கும். இறத்தற் பொருளுடைய ஒரு வேரினின்று பிறந்தது. மரணம் என்னும் சொல்லும் அதன் உடன்பிறப்பே. கன்னட நாட்டார் இவளை மாரி என்றும் மாரம்மா என்றும் மாரிகாம்பா என்றும் வழங்குவர். சிரசி நகரில் மாரிகாம்பாவுக்கு ஈராண்டிற்கொருமுறை பெருந்திருவிழா நிகழ்கின்றது. தெலுங்கர் மாரெம்மா என்பர். பரசுராமன் தாயாகிய இரேணுகையின் தலை வேறோர் உடலோடு மாறிப் பொருந்திய கதையைச் சொல்லி, மாறினவள் ஆதலின் மாரி என்பாரும் உளர். தமிழில் மாறுதற்கு வல்லின றகரம். மாரிக்கு இடையின ரகரம். ஆதலின் இது கதைக்கு அழகேயன்றிச் சொல்லுக்கு வேராகாது.

ஐரோப்பாவின் கிழக்கே இசுலாவிய மொழிகள் பேசும் நாடுகளிலும் இத்தகைய பெயருடையாள் ஒருத்தி இருக்கக் கண்டு யாம் வியந்தோம். போலந்தில் அவள் மஜான்னா, செக்கு நாட்டில் மொரானா, சுலோவாக்கியரிடத்தே மொரேனா, உக்ரேனியரிடத்தே மரேனா, பெலாரசில் மாரா. அவள் பனிக்காலத்துக்கும் சாவுக்கும் உரியவள். பதினைந்தாம் நூற்றாண்டிற் போலந்தின் வரலாற்றை எழுதிய யான் துவுகோஷ் என்பார், அவளை உரோமரின் விளைவுத் தெய்வமாகிய செரேசுக்கு ஒப்பிட்டனர். இன்றும் மார்ச்சுத் திங்கள் 21 ஆம் நாளையொட்டிப் போலந்துச் சிறுவர் வைக்கோற் பாவை ஒன்று செய்து, அதற்கு ஆடை உடுத்தி, ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொளுத்தி ஆற்றில் எறிகின்றனர். அதனோடு பனிக்காலம் போயிற்று என்பது கருத்து. அவள் பெயரை அங்குள்ள அறிஞர் பலர் சாவைக் குறிக்கும் வேரோடு இணைப்பர். அவ்வேரும் மேற்கூறிய வடமொழி வேரும் இலத்தீனில் சாவைக் குறிக்கும் மோர்சு என்னும் சொல்லும் ஒரு குடியினவே. உருசிய மொழியில் மோர் என்றாற் கொள்ளைநோய். எம் ஊரிலோ அம்மை கண்டாரின் உடல் வெம்மைக்கு முதலிற் கொடுப்பதே மோர்! இதனைப் படித்தபோது நூல்நிலையத்தின் அமைதியையும் மறந்து யாம் நகைத்துவிட்டோம்.

மாரி வடமொழியினின்று வந்தவளாயின், அவளும் மொரானாவும் மிக நெடுந்தொலைவில் பிரிந்த உறவினர். தமிழ் மழையே மாரியாயின், இருவர்க்கும் உள்ள ஒப்புமை ஒலியளவில் நின்றுவிடும். அறிஞர் இரு பக்கத்தும் நின்று வழக்காடுகின்றனர். எமது வழக்கிற்கோ இது பயன்படவில்லை.

பின்னர் மரியம்மாளின் பக்கம் திரும்பினோம். மரியாள் என்பது எபிரேய மொழியில் மிரியாம். நம் தமிழ் வேதாகமத்தில் மோசேயின் தமக்கை மிரியாம் என்றும், இயேசுவின் தாய் மரியாள் என்றும் வருதலால் நாம் இரண்டனையும் வேறென எண்ணுகின்றோம். எபிரேயத்தில் அவை ஒரே பெயர். கிரேக்க மொழியினூடே வந்தது ஒன்று, நேரே வந்தது மற்றொன்று, அவ்வளவே. இப்பெயர்க்கும் மழைக்கும் தொடர்பில்லை, கொள்ளைநோய்க்கும் தொடர்பில்லை. ஆகவே, அன்று அப்போதகர் ஒரு காலை எடுத்தபோது, பெயர் தன் குடியைவிட்டு முற்றும் வேறொரு குடிக்குப் பெயர்ந்தது. பெயரையுடையவரும் அவ்வாறே பெயர்ந்தார் என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது.

இவ்வாறு பெயர்கள் எல்லை கடத்தல் புதிதன்று. வீரமாமுனிவர் விருத்தாசலத்திற்கு அணித்தாகிய கோணான்குப்பத்திலே தேவமாதாவுக்குக் கோயில் எழுப்பிப் பெரியநாயகி என்று பெயர் வைத்தார். விருத்தாசலத்துச் சிவன் கோயில் அம்மைக்கும் பெரியநாயகி என்பதே பெயர். 1853 ஆம் ஆண்டு முதலாகத் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் கப்பலேறி மார்த்தினீக்கு, குவாதலூப்பு முதலிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்தம் வழியினர் தமிழ் பேச்சை இழந்தனர், மாரியம்மனை இழக்கவில்லை. குவாதலூப்பில் அவள் பெயர் மலியேமின் எனத் திரிந்து வழங்குகின்றது. கன்னி மரியாளோடு அவளை ஒருங்கு வைத்து எண்ணுவாரும் அத்தீவுகளில் உளர். சிங்கப்பூரிலோ 1827 ஆம் ஆண்டில் எழுந்த மாரியம்மன் கோயில் காலெழுத்துக் கெடாமல் நிற்கின்றது.

இத்தனையும் ஏன்? திருவண்ணாமலைப் பெருங்கோயில் அம்மையின் பெயரே தக்க சான்று. தமிழில் உண்ணாமுலை, அதனையே சொல்லுக்குச் சொல் வடமொழியாக்கி அபீதகுசாம்பாள் என்றனர். அதனை எழுதுதற்குத் தமிழில் ஒரே பகரம் இருத்தலால், பருகப்படாத என்னும் பொருளையறியாது, அச்சமற்ற என்று பொருள்கொள்வாரும் உளர். நம் பெண்மக்களோ உண்ணாமலை என்று பெயர் வைத்துக்கொள்கின்றனர். உகரம் ஒன்று நீங்க, முலை மலையாயிற்று. அப்பெயருடைய மூதாட்டியரைப் பிழையுடையார் என்று எவரேனும் திருத்தத் துணிவரோ?

யாம் துணிந்தோம், பன்னிரண்டு வயதில்.

நூல்நிலையத்தில் எழுதிய குறிப்பேட்டினை எடுத்துக்கொண்டு ஆடித் திங்களில் ஒரு நாள் அடி அண்ணாமலைக்குச் சென்றோம். தெருவில் கூழ் காய்ச்சும் புகை பரந்திருந்தது; வாயில்தோறும் வேப்பிலை. பெரியாயா திண்ணையில் அமர்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். வயது எண்பத்து மூன்றிற்கு மேலாயிற்று. அவர்தம் முகத்து வடுக்களை அன்றுதான் யாம் உற்று நோக்கினோம். அவற்றை விளைத்த நோய் இன்று உலகில் இல்லை. இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1975 ஆம் ஆண்டு மே மாதத்தில். உலகமெங்கும் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது 1980 மே 8 ஆம் நாள். அந்நோயை ஒழித்த ஊசியையும் நம் மக்கள் அம்மை குத்துதல் என்றே வழங்கினர். கொன்றவனுக்கும் அவள் பெயர்தான். இனி இத்தகைய முகம் ஒன்று உலகில் தோன்றப்போவதில்லை. அவ்வடுக்களின் பொருட்டு இடப்பட்ட பெயரையன்றோ யாம் வேண்டாவென்றோம்!

கல்லின் செய்தியைக் கூறினோம். மழையென்றும் மரணமென்றும் போலந்தென்றும் எம் குறிப்பேட்டை விரித்து விளக்கத் தொடங்கினோம். பெரியாயா சிறிது நேரம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. உங்க வூட்டுல அவ பேரு மரியம்மா. நீதான் சொன்னியே" என்றார்.

அவர் சினந்து கூறவில்லை. யாம் தலைகுனிந்தோம். அவரே மேலும் கூறினார்: "அதுக்கப்புறம் அங்க நான் கூப்புடல. அவதான் மாசம் ஒருக்கா இங்க வருவா. வந்து உக்காந்துக்குவா. 'அக்கா, ஒருவாட்டி கூப்புடு'ம்பா. கூப்புடுவேன். 'சரி, நான் கெளம்புறேன்'னு போயிடுவா."

பாட்டியார் திங்கள்தோறும் அடி அண்ணாமலைக்குச் செல்வதை யாம் அறிவோம். தமக்கையின் உடல்நலம் காணச் செல்கின்றார் என்றே எம் வீட்டில் எண்ணியிருந்தோம். முழங்கால் வலியோடும் பேருந்தேறி அவர் சென்றது ஒரு சொல்லைக் கேட்டற்பொருட்டு என்பதையும், அவர் வீட்டிலேயே கேட்கத்தக்க அச்சொல்லை அங்கிருந்து துரத்தியவர் யாமே என்பதையும் அன்று அறிந்தோம். பெரியாயாவின் கைகளைப் பற்றி மன்னிப்பு வேண்டினோம். "சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்" என்று கூறிப் புளியை முறத்தில் தள்ளினார். உண்ணாமல் எழவும் விடவில்லை, மோர் வார்த்தார்.

வீடு திரும்பி எம் தந்தையாரிடம் யாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். சபைப் பதிவேட்டில் உள்ளதை மாற்றுதல் ஆகாது என்பதில் அவர் உறுதியுடையவர், அது பிடிவாதமன்று. எம் பாட்டியார் விசுவாசத்தில் தளராது வாழ்ந்தவர். நாள்தோறும் விடியற்காலையில் முழந்தாட்படியிட்டுச் செபித்தவர். மரியம்மாள் என்னும் பெயரை எவரும் அவர்மேல் வலிந்து சுமத்தவில்லை. அப்பெயரை நீக்குதலும் அவர்க்கு இழைக்கும் குற்றமே. இறுதியில் தந்தையார், "நீ எழுதிய நான்கு வரியில் எதை விடலாம்?" என்று கேட்டார். யாம் இரவெல்லாம் விழித்து எழுதிய வரிகளில் மூன்றனை அடித்தோம். அவற்றில் அணிகள் பல இருந்தன, பாட்டியார் இல்லை.

இப்பொழுது கல்லில் உள்ளது இது: மரியம்மாள். பிறந்த ஊர் அடி அண்ணாமலை. தமக்கை அழைத்த பெயர் மாரி.

கல் நாட்டிய மறுவாரம் பெரியாயாவை ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்து வந்தோம். அவர்க்கு எழுத்தறிவு இல்லை. குந்தியமர்ந்து எழுத்துக்களைக் கையால் தடவிப் பார்த்து, "என்ன போட்டிருக்கு, படி" என்றார். யாம் படித்தோம். கடைசிச் சொல்லைச் சொல்லுங்கால் எமது குரல் தாழ்ந்துவிட்டது போலும்.

"கேக்கல கண்ணு, சத்தமாப் படி" என்றார்.

மீண்டும் படித்தோம், தெருவிலுள்ளாரும் கேட்குமாறு.